மோடாஃபினில்: மதிய மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்?

வணக்கம். என் தங்கைக்கு வயது 24, ஊர் திருநெல்வேலி. போன ஆண்டு சென்னையில் இரவுத் தூக்கப் பரிசோதனையும் மறுநாள் பகல் தூக்கப் பரிசோதனையும் எடுத்தோம். நார்கோலெப்சி (பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோய்) என்று உறுதியானது. பகலில் படுத்த 3 நிமிடத்தில் தூங்கிவிட்டாள். அதுவரை எல்லோரும், நான் உட்பட, அவளைச் சோம்பேறி என்றோம். அது இன்னும் உறுத்துகிறது.

மருத்துவர் முதலில் காலையில் மோடாஃபினில் (பகலில் விழித்திருக்க உதவும் மாத்திரை) 100 மி.கி. கொடுத்தார், பிறகு 200. முதல் வாரம் தலைவலி இருந்தது, தண்ணீர் நிறையக் குடித்ததும் குறைந்தது. ஆனால் மதியம் 2 மணிக்கு மேல் அலுவலகத்தில் கண் சொருகியது. அதனால் காலை 100, மதியம் 100 என்று அவரே பிரித்துக் கொடுத்தார். இப்போது பகல் சரியாகப் போகிறது, இரவு 1 மணி வரை தூக்கம் வருவதில்லை. மதிய மாத்திரையைப் போடுவது 1:30-க்கு, சாப்பாட்டுக்குப் பிறகு.

காபியை நிறுத்தியாயிற்று. மதியம் 20 நிமிடம் தூங்க அலுவலகத்தில் அனுமதியும் வாங்கியாயிற்று. இரவு 9-க்கு மேல் போனைத் தொடுவதில்லை. பெரிய மாற்றம் இல்லை. அடுத்த சந்திப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அவரிடம் கேட்காமல் நேரத்தையோ அளவையோ மாற்ற மாட்டோம். போனில் கேட்கும் முன் மற்றவர்கள் அனுபவம் தெரிந்தால் நல்லது.

இப்படி இரண்டு வேளையாகப் பிரித்து எடுப்பவர்களுக்கு, இரவுத் தூக்கம் கெடாமல் இருக்க இரண்டாவது மாத்திரையை எத்தனை மணிக்கு உங்கள் மருத்துவர் வைத்தார்?