2003 அக்டோபர்: கிரேடி லிட்டிலை ரெட் சாக்ஸ் கைவிட்டது நியாயமா?

கேள்வி

வணக்கம். 2003ஆம் ஆண்டு அமெரிக்க பேஸ்பாலில் பாஸ்டன் ரெட் சாக்ஸும் நியூயார்க் யாங்கீஸும் மோதிய அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப் தொடரின் ஏழாவதும் கடைசியுமான ஆட்டத்தை அண்மையில் மீண்டும் முழுவதுமாகப் பார்த்தேன். எட்டாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் பேட் செய்ய வரும்போது பாஸ்டன் 5-2 என முன்னிலையில் இருக்கிறது. ஏழு இன்னிங்ஸில் 100 பந்துகள் எறிந்துவிட்ட பாஸ்டன் பிட்சர் (பந்தெறிபவர்) பெட்ரோ மார்ட்டினெஸ், வானை நோக்கி விரலை உயர்த்தியபடி வெளியே வந்த பிறகும், மேலாளர் கிரேடி லிட்டில் அவரையே மறுபடி அனுப்புகிறார். யாங்கீஸின் ஜீட்டர் டபுள் (இரண்டாம் பேஸ் வரை ஓடவைக்கும் அடி) அடிக்க, பெர்னி வில்லியம்ஸ் அவரை ஓடவைத்து ஒரு ரன் எடுத்ததும் லிட்டில் பிட்சர் நிற்கும் மேட்டுக்கு நடந்து போகிறார். முடியும் என்று பெட்ரோ சொன்னதைக் கேட்டுத் தனியாகத் திரும்பி வருகிறார். அடுத்து மட்சுயியும் பொசாடாவும் ஆளுக்கொரு டபுள் அடிக்க ஆட்டம் 5-5 ஆகிறது. பதினொன்றாவது இன்னிங்ஸில் யாங்கீஸின் ஏரன் பூன் அடித்த ஹோம் ரன்னோடு பாஸ்டனுக்கு எல்லாம் முடிந்தது. இரண்டு பருவங்களில் 93, 95 என வெற்றிகளைக் குவித்துத் தந்தவரை இந்த ஓர் இரவுக்காக அனுப்பிவிட்டது எனக்கு இன்றும் உறுத்துகிறது. உங்கள் கருத்து என்ன?

முதல் பதில்

நண்பரே, நியாயம்தான் என்பேன். நூறு பந்துகளைத் தாண்டினால் பெட்ரோவின் கூர்மை குறைந்துவிடும் என்பது அந்த அணியில் எல்லாரும் அறிந்த விஷயம். அதைவிட முக்கியமானது புல்பென், அதாவது இடையில் இறங்கும் மாற்றுப் பிட்சர்கள். பருவத்தின் தொடக்கத்தில் கடைசி இன்னிங்ஸ்களில் தடுமாறியதால்தான் மே மாதத்தில் ஷே ஹில்லன்பிராண்டைக் கொடுத்து பியுங்-ஹ்யுன் கிம்மையும், ஜூலையில் சின்சினாட்டியிடமிருந்து ஸ்காட் வில்லியம்சனையும் வாங்கினார்கள். கிம் அந்தத் தொடரில் இல்லை; ஆனால் வில்லியம்சன் மூன்று ஆட்டங்களை முடித்துக் கொடுத்திருந்தார், மைக் டிம்லின் தொடர் முழுவதும் ஒரு ரன்கூட விட்டுக்கொடுக்கவில்லை. இத்தனை பேர் நன்றாக எறிந்துகொண்டிருக்கும்போது களைத்த ஒருவரை நம்பியதை எப்படி ஏற்பது? மட்சுயி இடது கை ஆட்டக்காரர். இடது கை ஆட்டக்காரர்கள் பொதுவாக அடிக்கச் சிரமப்படும் இடது கைப் பிட்சர் ஆலன் எம்ப்ரீ தயாராக இருந்தார். பெட்ரோ 123 பந்துகள் எறிந்து, ஆட்டம் சமமான பிறகுதான் அவரை அழைத்தார்கள்.

இரண்டாவது பதில்

சொற்களில் ஒரு திருத்தம்: லிட்டிலை இடையில் நீக்கவில்லை, 2004ஆம் ஆண்டுக்கான ஒப்பந்த வாய்ப்பை நிர்வாகம் பயன்படுத்தவில்லை. முன்னவர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் பொசாடாவின் அடியைப் பாருங்கள்: மட்டையில் சரியாகப் படாமல், இரண்டாம் பேஸுக்குப் பின்னால் யாரும் இல்லாத இடத்தில் மெதுவாக விழுந்த பந்து அது. ஓரிரு அடி தள்ளி விழுந்து பிடிபட்டிருந்தால் லிட்டிலின் துணிச்சலைத்தான் பாராட்டியிருப்போம். பூன் அடித்ததோ, அதே தொடரில் இரண்டு ஆட்டங்களை வென்று கொடுத்த டிம் வேக்ஃபீல்டின் பந்தை. அதற்காக வேக்ஃபீல்டை எந்த பாஸ்டன் ரசிகரும் வெறுக்கவில்லை.

அடுத்த ஆண்டையும் எண்ணிப் பாருங்கள். 2004இல் அதே யாங்கீஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், பாஸ்டன் பிட்சர் டெரெக் லோ இரண்டே நாள் ஓய்வுக்குப் பிறகு வந்து ஆறு இன்னிங்ஸில் ஒரே ஒரு ஹிட் மட்டும் கொடுத்திருந்தார். 8-1 என முன்னிலை இருந்தபோது லிட்டிலுக்குப் பின் வந்த மேலாளர் டெர்ரி ஃபிரான்கோனா எதற்காகவோ பெட்ரோவை இறக்கினார். அரங்கம் ஆர்ப்பரிக்க, இரண்டு ரன்கள் போயின. அந்த முடிவும் எனக்குப் பிழையாகவே தெரிகிறது. 10-3 என்று வென்றதால் அதை யாரும் பேசுவதில்லை. முடிவெடுக்கும் நேரத்தில் தெரிந்ததை வைத்தே மேலாளரை எடைபோட வேண்டும் என்றால் இருவருக்கும் ஒரே தராசு வேண்டும்.

மூன்றாவது பதில்

ஒரே தராசு என்றால் 1986ஐயும் அதில் வையுங்கள். உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ். பாஸ்டன் 5-3 என முன்னிலை, இரண்டு பேர் அவுட். அந்தத் தொடரில் முன்னிலை பெற்ற ஆட்டங்களின் இறுதியில் முதல் பேஸில் டேவ் ஸ்டேபிள்டனை நிறுத்தி வந்த அன்றைய பாஸ்டன் மேலாளர் ஜான் மெக்னமாரா, அன்று மட்டும் கணுக்கால் வலியோடு இருந்த பில் பக்னரை விட்டுவைத்தார். முன்னிலை பறிபோன பிறகு, எதிரணியான மெட்ஸின் மூக்கி வில்சன் உருட்டிய பந்து பக்னரின் கால்களுக்கிடையே போய் பாஸ்டன் தோற்ற கதை எல்லாருக்கும் தெரியும். அதே ஆண்டு அமெரிக்கன் லீக்கின் சிறந்த மேலாளர் விருது மெக்னமாராவுக்குத்தான் கிடைத்தது, ஏனெனில் வாக்குகள் பருவத்துக்குப் பிந்தைய பட்டப் போட்டிகளுக்கு முன்பே பதிவாகிவிடுகின்றன. பருவத்தின் 162 ஆட்டங்களுக்கு விருதும் ஒரே இன்னிங்ஸுக்குத் தண்டனையும் தனித்தனிக் கணக்குகள். மெக்னமாரா அடுத்த பருவமும் பதவியில் இருந்தார். லிட்டிலுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பொசாடாவின் அடியைத் துரதிர்ஷ்டம் என்று ஏற்கிறேன், பெட்ரோவை எட்டாவது இன்னிங்ஸுக்கு அனுப்பியதையும் மன்னிக்கிறேன். ஆனால் முதல் பதிலைப் படித்த பிறகு அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். மேட்டுக்குப் போன லிட்டிலுக்கு முன்னால் ஐந்து அவுட்கள் பாக்கி, அடுத்து வருபவர் மட்சுயி, எம்ப்ரீ எறிந்து பார்த்துத் தயாராக நிற்கிறார். களத்தில் நிற்கும் எந்தப் பிட்சரும் ‘முடியாது’ என்று சொல்லமாட்டார் என்பது லிட்டிலுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அந்தக் கேள்வியை அவர் பெட்ரோவிடம் கேட்டே இருக்கக்கூடாது.