மாடுலர் கிச்சன்: மூணு கொட்டேஷன், மூணு விலை. எதை வைத்து ஒப்பிடுவது?

நாவலூர்க்காரி:

வணக்கம். சென்னை நாவலூரில் அபார்ட்மென்ட், மூன்றாவது மாடி. எல் வடிவ சமையல் மேடை. ஒரு பக்கம் 10 அடி, மறுபக்கம் 7 அடி. கிரானைட்டும் சிங்க்கும் பில்டரே போட்டுவிட்டார். கீழே வெறும் இடம், நடுவில் மூன்று கடப்பா கல் தாங்கலாக நிற்கிறது. கேபினெட் செய்ய மூன்று பேரிடம் விலை வாங்கினேன்.

ஆசாரி வீட்டுக்கே வந்து செய்து தருகிறேன் என்கிறார். 710 ப்ளைவுட், மேலே மைக்கா (லேமினேட் தகடு), சதுர அடி 1,550 ரூபாய், ஹார்டுவேர் தனி. அடுத்தது ஒரு பட்டறை: பாக்ஸ் (பெட்டி), ஷட்டர் (கதவு) இரண்டும் எச்டிஎச்எம்ஆர் (ஈரம் தாங்கும்படி அழுத்திச் செய்த மரநார்ப் பலகை), ஷட்டருக்கு மேலே அக்ரிலிக் தகடு, எல்லாம் சேர்த்து 2,65,000. மூன்றாவது ஒரு ஷோரூம்: பாக்ஸ் பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திய பலகை), ஷட்டர் மெம்பரேன், 1,95,000, பத்து வருட வாரண்டி.

தினமும் தாளிப்பு, வாரம் இரண்டு தடவை பொரிப்பு, இட்லி மாவு வீட்டிலேயே அரைப்போம். போர் தண்ணீர் உப்பு. இந்த மூன்றையும் ஒரே தராசில் வைப்பது எப்படி?

பட்டறை_கோவை:

சகோதரி, முதலில் பாக்ஸ், ஷட்டர் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். ஈரமும் எடையும் பாக்ஸுக்கு, பார்வையும் வளைவும் ஷட்டருக்கு. இரண்டுக்கும் ஒரே பலகை போட வேண்டும் என்று கட்டாயமில்லை.

பாக்ஸுக்கு 710 ப்ளைவுட் நல்லது. அந்த எண் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர எண், அதாவது மெரைன் கிரேடு. ஒட்டுப் பசை 72 மணி நேரம் கொதிநீரைத் தாங்க வேண்டும் என்பது அதன் சோதனை. ஐஎஸ் 303-இல் வரும் பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும்) கிரேடுக்கு 8 மணி நேரம்தான். அதே 303-இல் எம்ஆர் (ஈரப்பதம் மட்டும் தாங்கும்) கிரேடும் உண்டு, அது சமையலறைக்கு ஆகாது. "303 ப்ளை" என்று மட்டும் கொட்டேஷனில் இருந்தால் எந்த கிரேடு என்று கேளுங்கள். பலகையில் ஐஎஸ்ஐ முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அதை அடித்தால் எந்த ஆலைக்கு, எந்தத் தரத்துக்கு உரிமம் என்று வந்துவிடும். அதையும் மீறி சந்தேகம் இருந்தால், வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றை வாங்கி நாலு மணி நேரம் கொதிக்க வையுங்கள். மட்டமான ஒட்டு அதற்குள்ளேயே இதழ் இதழாகப் பிரிய ஆரம்பிக்கும்.

ஷட்டருக்கு ப்ளைவுட்டைவிட எச்டிஎச்எம்ஆர் மேல். ப்ளைவுட் உயரமாகப் போகப் போக வளையும், அதிலும் வெளியே 1 மி.மீ. மைக்கா, உள்ளே 0.5 மி.மீ. லைனர் (உள்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு) என்று இரண்டு பக்கமும் வேறு வேறு கனத்தில் ஒட்டினால் நிச்சயம் இழுக்கும். அக்ரிலிக்கைப் ப்ளைவுட் மேல் ஒட்டினால் அடியில் இருக்கும் மேடுபள்ளம் விளக்கு வெளிச்சத்தில் அலை அலையாகத் தெரியும்.

மூன்றாவது கொட்டேஷனை உங்கள் வீட்டுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் குடித்தால் உப்பும். உப்பியது காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. கீல் ஸ்க்ரூ ஒருமுறை பிடுங்கிக்கொண்டால் அதே துளையில் மறுபடி பிடிக்காது. மெம்பரேன் என்பது சூடாக்கி ஒட்டிய பிவிசி தோல். அடுப்புக்குப் பக்கத்திலும் ஓவனுக்குப் பக்கத்திலும் ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும். உரிந்ததை ஒட்டிச் சரிசெய்ய முடியாது, ஷட்டரையே மாற்ற வேண்டும்.

எச்டிஎச்எம்ஆரும் மரத்தூள் நார்தான் என்பதை மறக்காதீர்கள். மெதுவாக உப்பும், அவ்வளவுதான் வித்தியாசம். அதன் ஆயுள் ஓரப் பட்டியில் இருக்கிறது. மெஷினில் ஒட்டிய எட்ஜ் பேண்டிங்கா, கையால் பசை தடவி ஒட்டியதா என்று கேளுங்கள். கேட்பதோடு நிற்காமல் ஷட்டரின் அடிப்பக்க ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். கண்ணில் படாத அந்த ஓரத்தைத்தான் வெறுமனே விட்டுவிடுவார்கள், தரை கழுவும் தண்ணீர் ஏறுவதும் அங்கேதான்.

அளவுநாடா:

பலகையைப் பற்றி மேலே சொன்னது சரி. விலையை ஒப்பிட வேண்டுமென்றால் அளக்கும் முறையைப் பிடிக்க வேண்டும். உங்கள் கீழ் கேபினெட்டையே எடுத்துக்கொள்வோம்.

மூலையில் இரண்டு பக்கமும் 2 அடி ஒன்றின் மேல் ஒன்று விழுவதால் முகப்பு நீளம் 10 + 5 = 15 அடி. ஸ்கர்டிங்குக்கு (தரையை ஒட்டிய அடிப்பட்டி) மேலிருந்து கிரானைட் அடிவரை 29 அங்குலம் என்று வைத்தால் 36¼ சதுர அடி. அதே மேடையை 10 + 7 என்று அளந்தால் 41. தரையிலிருந்தே 33 அங்குலமாக அளந்தால் 46¾. கேபினெட் ஒன்றுதான், வித்தியாசம் 10½ சதுர அடி. 1,550 வீதம் 16,275 ரூபாய். ஆசாரி எந்த முறையில் அளப்பார் என்பதை வேலை தொடங்கும் முன் எழுதி வாங்குங்கள். மூலைப் பெட்டிக்கும் பலகை செலவாகிறது என்பது நியாயமான பேச்சு, அதை ஒரு தனித் தொகையாகப் பேசி முடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது, சொன்ன விலைக்குச் சொன்ன பலகை வருமா என்று சரிபார்ப்பது. 600 மி.மீ. அகலம், 720 உயரம், 560 ஆழமுள்ள ஒரு கீழ்ப் பெட்டிக்கு இரண்டு பக்கப் பலகை, அடிப் பலகை, மேலே இரண்டு பட்டி, ஒரு தட்டு, ஒரு ஷட்டர் என்று கூட்டினால் 18 மி.மீ. பலகை ஏறக்குறைய 1.96 சதுர மீட்டர் வரும். முகப்பு 0.43 சதுர மீட்டர். அதாவது முகப்பு 1 சதுர அடிக்குப் பலகை நாலரை சதுர அடி. வெட்டுச் சேதாரம் சேர்த்தால் ஐந்து. முதுகுக்குப் போடும் 6 மி.மீ. தனி. ஆக, உங்கள் ஊர்க் கடையில் 710 ப்ளைவுட் சதுர அடி விலையைக் கேட்டு ஐந்தால் பெருக்குங்கள். உதாரணத்துக்கு 120 என்றால் பலகைக்கே 600. அதன் மேல் மைக்கா, உள் லைனர், பசை, எட்ஜ் பேண்டிங், கூலி. 1,550 என்பது நியாயமாகச் செய்யக்கூடிய விலைதான். யாராவது 950-க்கு 710 என்று சொன்னால் முதுகையும் தட்டையும் என்ன பலகையில் போடுகிறார் என்று கேளுங்கள்.

2,65,000-ஐயும் பிரித்துக் கேளுங்கள்: எத்தனை பெட்டி, என்ன அகலம், எத்தனை டிராயர், எத்தனை கீல், 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா. பட்டியல் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

நாவலூர்க்காரி:

ரொம்ப நன்றி. ஆசாரியிடம் கேட்டேன், தரையிலிருந்துதான் அளப்பாராம், பேச வேண்டும். இன்னும் இரண்டு சந்தேகம். சிங்க்குக்குக் கீழே எது போட்டாலும் ஊறிவிடும் என்கிறார்களே, அங்கே என்ன செய்வது? கேஸ் சிலிண்டரையும் கேபினெட்டுக்குள்ளேயே வைக்கலாமா?

சிவில்_மதுரை:

தாங்கு கல் நிற்கிறது என்றீர்களே, அதுவே உங்களுக்குப் பாதிப் பெட்டி. சிங்க் பகுதிக்குப் பலகைப் பெட்டியே வேண்டாம் என்பது என் கருத்து. 710-உம் வேண்டாம். இரண்டு பக்கமும் கடப்பா கல் இருக்கிறது. அடியில் தரைக்கு நாலு அங்குலம் மேலே ஒரு கடப்பா பலகையைப் பதித்து, முன்பக்கம் சிறு சரிவு கொடுத்துவிட்டால் கசியும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் வரும், துடைத்துவிடலாம். முகப்புக்கு அலுமினியம் அல்லது டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) சட்டம் வைத்து, கல்லில் துளையிட்டுப் பிளக் அடித்து ஸ்க்ரூ போட்டு, அதில் ஷட்டரை மாட்டுங்கள். முதுகுப் பலகை கூடாது. குழாய் இணைப்பு சுவரில் இருக்கிறது; அதை மறைத்தால் ஒழுகுவது தெரியவே தெரியாது, கரப்பானுக்கும் கரையானுக்கும் வசதி.

சிங்க் ஷட்டர் மேல் ஓரத்தில் ஊறுவதற்குக் காரணம் பெரும்பாலும் சிங்க் அல்ல, கிரானைட். மேடை விளிம்பில் வழியும் தண்ணீர் கல்லின் அடியோடு ஒட்டிக்கொண்டு உள்ளே ஓடி ஷட்டர் தலையில் இறங்குகிறது. கிரானைட்டின் அடியில், விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே, 3 மி.மீ. ஆழத்துக்கு நீளமாக ஒரு கோடு வெட்டச் சொல்லுங்கள். தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டாமல் நேராகச் சொட்டும். கேபினெட் வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது, பின்னால் மெஷின் நுழையாது.

சிலிண்டரை மூடிய பெட்டிக்குள் வைக்காதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். உள்ளேதான் வைத்தாக வேண்டுமென்றால் அந்த அறைக்கு அடிப் பலகை போடாமல், ஷட்டரின் கீழ்ப்பகுதியில் தாராளமான ஜாலி வைத்து, ரெகுலேட்டரை நின்றபடியே எட்டித் திருப்பும்படி விடுங்கள். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து, அடுப்பு மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

இன்னொன்று. பட்டறையில் பெட்டி 450, 600, 900 என்று முன்கூட்டிய அளவில் வரும். உங்கள் தாங்கு கற்களுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு என்று அளந்தாரா அந்த இரண்டாவது ஆள்? கல்லுக்கு இருபுறமும் ஃபில்லர் பட்டி (இடைவெளி அடைக்கும் பட்டி) விழுந்தால் பெட்டிக்குப் பெட்டி இரண்டு மூன்று அங்குலம் வீணாகும்.

பட்டறை_கோவை:

சிங்க் விஷயத்தில் மதுரைக்காரர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். மற்றப் பெட்டிகளுக்கு 710 தான் என் வாக்கு. கல்லில் நேராக டிராயர் சேனல் (டிராயர் ஓடும் தண்டவாளம்) மாட்டினால் மட்டம் கிடைக்காது.

ஹார்டுவேர் தனி என்று ஆசாரி சொன்னதால் அதையும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கீலில் 35 மி.மீ. கப், சாஃப்ட் குளோஸ், கழற்றி மாட்டும் கிளிப் வகை என்று எழுதச் சொல்லுங்கள். 900 மி.மீ. உயரம்வரை ஒரு ஷட்டருக்கு இரண்டு கீல், அதற்கு மேல் 1,600 வரை மூன்று. ஹெட்டிச், ஹஃபேலே, பிளம், எப்கோ என்று பெயர் மட்டும் எழுதினால் போதாது, ஒவ்வொன்றிலும் பல வரிசை உண்டு, மாடல் எண் வேண்டும்.

டிராயரில் எடைதான் கணக்கு. 25 கிலோ அரிசியை 30 கிலோ தாங்கும் டேண்டம் பாக்ஸில் (ரெடிமேட் டிராயர்) வைத்தால், டப்பா எடையும் சேர்ந்து எல்லையைத் தொட்டுவிடும். அரிசிக்கும் எவர்சில்வர் பாத்திரத்துக்கும் 50 கிலோ அல்லது அதற்கு மேல் தாங்கும் சேனல் ஒரே ஒரு டிராயருக்காவது போடுங்கள். கிரைண்டரை இழுக்கும் தட்டில் வைக்க வேண்டாம், மேடையிலேயே இருக்கட்டும்.

கம்பி பேஸ்கெட் வாங்கினால் 304 தர எவர்சில்வர் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கடற்காற்றும் உப்புத் தண்ணீரும் இருக்கும் இடத்தில் 202 என்ற மலிவான தரம் சீக்கிரம் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள், 202-உம் காந்தத்தில் ஒட்டாது. எவர்சில்வர் சோதிக்கும் திரவம் சின்ன புட்டியில் கிடைக்கும். கம்பியின் மறைவான இடத்தில் ஒரு சொட்டு விட்டால் 202-இல் நிறம் சிவக்கும், 304-இல் சிவக்காது.

பணம் கடைசிக் கால் பங்கையாவது நிறுத்திவைத்து, எல்லா ஷட்டரையும் திறந்து மூடி, டிராயரை எடையோடு இழுத்து, குழாய்க்காக வெட்டிய துளைகளின் ஓரத்தில் சீலர் அடித்திருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகு கொடுங்கள்.

நாவலூர்க்காரி:

கற்களின் இடைவெளியை இப்போதுதான் அளந்தேன்: 23, 34, 31 அங்குலம், மீதி சிங்க் பக்கம். பட்டறைக்காரர் மூன்றையும் 600 என்று வரைந்திருக்கிறார். 23 அங்குலத்தில் 600 மி.மீ. பெட்டி நுழையவே நுழையாது. ஆசாரியிடம் 15 அடி கணக்கில் புது விலை கேட்டிருக்கிறேன். பெட்டிக்கு 710, ஷட்டருக்கு எச்டிஎச்எம்ஆர், சிங்க் அடியில் கடப்பா. வந்ததும் இங்கே போடுகிறேன்.

அளவுநாடா:

போடுங்கள். மேல் கேபினெட் அளவையும் சேர்த்துப் போட்டால் கணக்கு முழுசாகப் பார்த்துவிடலாம். அதில் முதுகுப் பலகை உண்டா, சுவரே முதுகா என்று மறக்காமல் கேளுங்கள். சுவரில் மாட்டும் பெட்டிக்கு முதுகும் தொங்கும் பட்டியும் இல்லாவிட்டால் பாத்திரச் சுமை முழுவதும் பக்கப் பலகையின் ஸ்க்ரூவில் விழும்.