பெர்லாங்கா ஓவியங்கள்: கொள்ளையா, விற்பனையா?

கல்தச்சன்:
ஸ்பெயினின் சோரியா மாகாணத்தில், பெர்லாங்கா அருகே சான் பாவுதேலியோ என்ற சிறு தேவாலயம் இருக்கிறது. உள்ளே பேரீச்சமரம் போலக் கிளை விரித்த ஒற்றைத் தூண். சுவரெங்கும் 12ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இருந்தன. 1917இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். 1922இல் லெயோனே லெவி என்ற வியாபாரி அந்த ஓவியங்களை 65,000 பெசெட்டாவுக்கு (ஸ்பெயினின் அன்றைய நாணயம்) விலைபேசி முடித்துவிட்டார்! அவற்றில் பல இன்று அமெரிக்க அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன. இது கொள்ளையேதான்.

வழிப்போக்கன்:
சொந்தக்காரரே விற்றால் அது எப்படிக் கொள்ளையாகும்? கட்டடம் ஊர்க்காரர்கள் சிலரின் தனிச்சொத்து. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1925இல் விற்பனை செல்லும் என்றே தீர்ப்பானது. ஏழை விவசாயியைத் திட்டி என்ன பயன்?

கல்தச்சன்:
விவசாயியை யார் திட்டினார்கள்? வாங்கியவனைச் சொல்கிறேன். ஓவியத்தின்மேல் பசை தடவிய துணியை ஒட்டி, காய்ந்ததும் இழுத்து உரித்தார்கள். வண்ணப்படலம் துணியோடு போய்விட்டது. இன்று அங்கே போகிறவர் சுவரில் பார்ப்பது பெரும்பாலும் மங்கிய தடத்தைத்தான். சட்டத்தில் ஓட்டை இருந்தது, புகுந்தார்கள்; அதற்கு நியாயம் வேறா?

மூன்றாம்படி:
இடையில் ஒரு கேள்வி. ஸ்பெயினின் கத்தலோனியாவிலுள்ள முர் தேவாலய ஓவியங்களை 1921இல் பாஸ்டன் அருங்காட்சியகம் வாங்கியது. அதே ஆண்டுகளில் பார்சிலோனாக்காரர்கள் பிரனீஸ் மலைக்குப் போய், தாவுல் தேவாலயச் சுவரோவியங்களை இதே முறையில் உரித்துத் தங்கள் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அதற்கு மட்டும் ‘பாதுகாப்பு’ என்று பெயரா?

கல்தச்சன்:
தாவுல்காரர் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடலாம். பெர்லாங்காக்காரர் அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும். வித்தியாசம் இல்லையா?

வழிப்போக்கன்:
பெரிய வித்தியாசந்தான்! ஆனால் ஸ்பெயின் அரசே 1950களில் செய்ததைப் பாருங்கள். ஃபுவெந்திதுவேனியாவில் இடிந்து கிடந்த தேவாலயத்தின் பீடப்பகுதியை, ஏறத்தாழ 3,300 கற்களாகப் பிரித்து நியூயார்க்குக்குக் கப்பலேற்றினார்கள். கைமாறாகப் பெர்லாங்கா ஓவியங்களில் ஆறு திரும்பின. எங்கே? பெர்லாங்காவுக்கா? மாட்ரித்தின் ப்ராதோ அருங்காட்சியகத்துக்கு! முதுகில் கோட்டை சுமக்கும் யானை ஓவியம் அங்கே இருக்கிறது. ஒட்டக ஓவியம் இன்னமும் நியூயார்க்கில். இதில் விவசாயியின் கையெழுத்து எங்கே?

கல்தச்சன்:
அந்தப் பீடப்பகுதி விற்கப்படவில்லை, இரவலாகத்தான் போயிருக்கிறது. இரவலைத் திருப்பிக் கேட்கலாமே!

வழிப்போக்கன்:
தாராளமாகக் கேளுங்கள். ப்ராதோவில் இருப்பவையும் இரவல்தான். நியூயார்க்காரர்கள் யானையைத் திருப்பிக் கேட்டால் கொடுப்பீர்களா?