பொருள்: பரிகாரமா, கழுவாயா?

> சமய ஒப்பியல் பாடநூலுக்கு ‘அட்டோன்மென்ட்’ (செய்த தப்புக்கு ஈடுசெய்து அதைப் போக்கிக்கொள்வது) என்பதற்குப் பொதுச்சொல் தேவை. ‘பரிகாரம்’ போதாதா? எல்லோருக்கும் புரியுமே.

வணக்கம் ஐயா.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். பரிகாரம் என்றதும் இன்று சனிப்பெயர்ச்சி, திருநள்ளாறு, எள் தீபம் இவைதான் நினைவுக்கு வரும். நாம் தேடுவது ஜாதகக் கோளாறுக்கு அல்ல, செய்த தப்புக்கு. குர்ஆன் தமிழாக்கங்கள் ‘கஃப்பாரா’வை, அதாவது தப்புக்கு ஈடாகச் செய்யவேண்டியதைப் பரிகாரம் என்கின்றன, அங்கே பொருந்தத்தான் செய்கிறது. சத்தியத்தை முறித்தவர் பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ தரவேண்டும், அல்லது ஓர் அடிமையை விடுவிக்கவேண்டும். இவை முடியாதவருக்கு மூன்று நாள் நோன்பு.

‘பிராயச்சித்தம்’ தரும சாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டது. பழைய தமிழ் பைபிளின் ‘பாவநிவிர்த்தி’யிலோ பாவம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. தேரவாத பௌத்தப் பிக்குகளின் ஒழுக்க விதிகளான விநயத்தில், சிறு குற்றங்களுக்கான ‘பாசித்திய’ விதிகள் 92. மண்ணைத் தோண்டுவதும் அதில் ஒரு குற்றம்; சக பிக்குவிடம் சொல்லி ஒப்புக்கொண்டால் தீர்ந்தது. இதைப் பாவநிவிர்த்தி என்றால் அந்தப் பிக்குவே சிரிப்பார்.

என் வாக்கு ‘கழுவாய்’க்கு. புறநானூறு 34இல் ஆலத்தூர் கிழார், பசுவின் மடியை அறுத்தவர்க்கும் கருவைச் சிதைத்தவர்க்கும்கூடக் ‘கழுவாயும் உள’ என்கிறார். செய்ந்நன்றி கொன்றவனுக்குத்தான் உய்தி இல்லை. எதற்குக் கழுவாய் உண்டு, எதற்கு இல்லை என்ற கேள்வி அப்போதே இந்தச் சொல்லோடு வந்துவிட்டது. பைபிளின் பிற்கால மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் 1 யோவான் 2:2இல் இதையே எடுத்துக்கொண்டது. (‘நீ கழுவ மாட்டாய்’ என்று யாராவது பொருள் கொண்டால் இலக்கண ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும்.)

‘ஒப்புரவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது குறளின் 22ஆம் அதிகாரத்தில் ஊருக்கு உதவி வாழ்வது, கத்தோலிக்கரின் ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவது. மூன்றாவது சுமையை ஏற்றவேண்டாம்.

ஆனால் கழுவாய் மட்டும் போதாது. கடவுளுக்கு எதிரான குற்றத்தை யூதர்களின் நோன்பு நாளான யோம் கிப்பூர் போக்கும்; சக மனிதனுக்குச் செய்ததை, அவனைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளும் போக்காது என்கிறது அவர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. நம் பெரியபுராணத்தில் திருவாரூர்க் காட்சியைப் பாருங்கள். கன்று செத்ததற்கு மறையோர் விதித்த கழுவாய் இருக்கிறது என்கிறார்கள் அமைச்சர்கள். கன்றை இழந்து அலறும் பசுவின் நோய்க்கு அது மருந்தாகுமா என்று திருப்பிக் கேட்கிறான் மனுநீதிச் சோழன். பர்யூஷணம் என்ற நோன்புக் காலம் முடியும்போது சமணர்கள் ஒருவருக்கொருவர் ‘மிச்சாமி துக்கடம்’ சொல்லி மன்னிப்புக் கேட்பதும் இந்தப் பக்கம்தான் சேரும். பாதிக்கப்பட்டவரின் நோவைத் தணிக்கும் இந்தச் செயலுக்கு ‘நோவாற்றுகை’ எனலாமா?

*

> நோவாற்றுகை எனலாமா?

ஐயா, கழுவாய் சரி. ஆனால் ‘ஆற்றுகை’ என்றால் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மேடை நிகழ்வு. நாடகத்துறைப் பிள்ளைகள் நோவை நடித்துக் காட்டுவதாக நினைத்துவிடுவார்கள். ‘நோதீர்வு’ என்று வைத்துப் பாருங்கள்.

*

நோதீர்வு நன்றாக இருக்கிறது. ஒரு சந்தேகம்: அரசன் செய்ததால் பசுவுக்கு நோய் தீர்ந்ததா? தேர்க்காலில் மகனைக் கிடத்தியதால் அரசன் பட்டது தெரிகிறது; பசுவின் துயரமோ இறைவன் அருளால் கன்று உயிர்த்தெழுந்த பிறகுதான் நீங்குகிறது. தீராவிட்டாலும் முயன்றதற்குச் சொல் வேண்டுமே. ‘நோதணிப்பு’ என்று சற்றுக் குறைத்துக்கொள்வோமா?