சைப்பிரஸ் சேர்ந்த திகதி

துளசி (கிளிநொச்சி): பெரியப்பா, வணக்கம். அரசியல் விஞ்ஞானப் பாடத்துக்காக ஐரோப்பிய ஒன்றியத்தின் விரிவாக்கம் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். துருக்கி 1987இல் விண்ணப்பித்தும் இன்னும் வெளியே நிற்கிறது. 1992இல் விண்ணப்பித்த பின்லாந்து 1995இலேயே சேர்ந்துவிட்டது. தகுதி மட்டுந்தான் இதற்குக் காரணமா?

பெரியப்பா (மாங்குளம்): தகுதி பெரிய காரணந்தான், பிள்ளை. ஆனால் யார் முந்திச் சேர்ந்தார் என்பதையும் பாரும். புதிய நாடொன்றைச் சேர்ப்பதற்கு உள்ளேயிருக்கும் எல்லா நாடுகளும் சம்மதிக்க வேண்டும் என்பதால், முந்திச் சேர்ந்தவருக்குப் பிந்தி வருபவரை மறிக்கும் அதிகாரமும் கிடைத்துவிடுகிறது. 1981இல் சேர்ந்த கிரேக்கம் மசிடோனியாவைப் பெயரின் பொருட்டுப் பல ஆண்டுகள் மறித்தது. அந்த நாடு 2019இல் வட மசிடோனியா என்று பெயரையே மாற்றிக்கொண்ட பிறகு, 2007இல் சேர்ந்த பல்கேரியா வரலாற்றையும் மொழியையும் காரணங்காட்டி 2020இல் மறித்தது.

கண்ணன் (ஒட்டுசுட்டான்): சைப்பிரஸையும் சொல்லுங்கள், பெரியப்பா.

பெரியப்பா: அதைத்தான் சொல்ல வந்தேன். சைப்பிரஸ் சேர்ந்த 2004இல் எங்களுக்கும் போர்நிறுத்தக் காலம் என்பதால், வானொலியில் சைப்பிரஸ் செய்தி வந்தால் கவனமாகக் கேட்பேன். தெற்கில் கிரேக்க சைப்பிரஸ் மக்களும் வடக்கில் துருக்கிய சைப்பிரஸ் மக்களுமாகப் பிரிந்து கிடக்கும் அந்தத் தீவின் பிரச்சினை தீர்ந்தால்தான் உறுப்புரிமை என்ற நிபந்தனை இல்லை என்று 1999 டிசம்பரில் ஹெல்சிங்கியில் ஒன்றியத்தின் தலைவர்கள் முடிவெடுத்தார்கள். 2003 ஏப்ரலில் சேர்க்கை உடன்படிக்கையும் கைச்சாத்தானது. அதன் பிறகே, சேர்வதற்கு ஒரு வாரம் இருக்கையில், 2004 ஏப்ரல் 24 அன்று, தீவை மீண்டும் ஒன்றாக்க ஐ.நா. செயலாளர் நாயகம் கோபி அனான் முன்வைத்த திட்டம் இரு சமூகங்களிடமும் தனித்தனியே வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. துருக்கிய சைப்பிரஸ் மக்களில் ஏறத்தாழ 65 வீதத்தினர் ஆதரித்தார்கள். கிரேக்க சைப்பிரஸ் மக்களில் ஏறத்தாழ 76 வீதத்தினர் நிராகரித்தார்கள். நிராகரித்தவர்களின் உறுப்புரிமைக்கு எந்தக் குறையும் வரவில்லை. மே 1 அன்று சைப்பிரஸ் சேர்ந்தது. ஆதரித்தவர்கள் வாழும் வடக்கில் ஒன்றியத்தின் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது, இன்றும் அப்படியே இருக்கிறது. திகதியை முதலில் கொடுத்துவிட்டுத் தீர்வைப் பிறகு கேட்டதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

கண்ணன்: உங்கள் மனவருத்தம் எனக்கும் உண்டு, பெரியப்பா. ஆனால் சைப்பிரஸை விலக்கினால் கிழக்கு ஐரோப்பிய நாடுகளையும் சேர விடமாட்டோம் என்று கிரேக்கம் எச்சரித்திருந்தது. அந்தத் தீவுக்காகப் போலந்தையும் எஸ்தோனியாவையும் எத்தனை காலம் காக்கவைத்திருக்க முடியும்?

பெரியப்பா: அது நியாயமான கேள்வி. ஆனாலும் அந்த நெருக்குதலின் விலையைக் கொடுத்தவர்கள் வடக்கில் ஆம் என்று வாக்களித்தவர்களே.

துளசி: துருக்கியின் தாமதமும் இதோடு தொடர்புடையதா?

பெரியப்பா: ஓரளவு. துருக்கியோடு பேச்சு தொடங்கிய 2005 அக்டோபரில் சைப்பிரஸ் ஏற்கெனவே உள்ளே இருந்தது. சைப்பிரஸ் கப்பல்களுக்குத் துருக்கி தன் துறைமுகங்களைத் திறக்காததால், 2006இல் பேச்சின் எட்டு அத்தியாயங்களை, அதாவது துறைவாரியாகப் பிரித்த எட்டுப் பகுதிகளை, ஒன்றியம் நிறுத்தியது. 2009இல் மேலும் ஆறு அத்தியாயங்களைச் சைப்பிரஸ் தனியாகவே மறித்தது. பின்னர் துருக்கியில் சனநாயகமும் நீதித்துறையும் சீர்கெட்டதும் பெரிய காரணம். அதை விட்டுவிட வேண்டாம். கண்ணன் சொன்ன கிரேக்கத்தின் எச்சரிக்கையையும் கட்டுரையில் சேரும், பிள்ளை. அது இல்லாமல் 1999ஆம் ஆண்டு முடிவு விளங்காது.