மகன் கையெழுத்து போட்டால் போதுமா?

கல்மண்டபம் கணேசன்:
நேற்று ஒரு மகராசன் எழுதியிருந்தார்: "வயதானவர்களிடம் கேன்சர் என்று சொல்லாமல் இருப்பதுதான் தர்மம். ஆபரேஷன் பாரத்தில் மகன் கையெழுத்து போட்டால் போதும்." படித்ததிலிருந்து எரிகிறது. உடம்பு அம்மாவுடையது, கையெழுத்து மகனுடையதா? சமீரா கோலி வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பரிசோதனைக்காக மயக்கம் கொடுத்த பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். பெற்ற தாயின் சம்மதமே செல்லவில்லை. மகன் எந்த மூலைக்கு?

தண்டையார்பேட்டை தாமு:
அந்த மகராசன் நான்தான் அண்ணே, பெயரைச் சொல்லியே திட்டலாம். அந்தப் பெண் மயக்கம் தெளியும்வரை காத்திருந்து கேட்டிருக்கலாம். அது வேறு. எங்கள் அம்மா கேன்சர் என்று கேட்டாலே சோறு தண்ணி இறங்காமல் படுத்துவிடுவார். கெடுதல் செய்யாதே என்பதும் மருத்துவ அறம்தானே? 2002 மருத்துவ கவுன்சில் விதி 7.16-ஐப் பாருங்கள். குடும்பத்தாரிடம் எழுதி வாங்கலாம்.

கல்மண்டபம் கணேசன்:
பார்த்தேன். கணவன் அல்லது மனைவி இருக்கிறது. மைனராக இருந்தால் பெற்றோர், கார்டியன். அப்புறம் நோயாளி. மகன் எங்கே இருக்கிறான்? உன் அம்மா மைனரா?

காசிமேடு மேரி:
வார்டில் வேலை பார்த்தவள் சொல்கிறேன். மகன் வராந்தாவில் என்னை மறித்து, "சிஸ்டர், அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்பார். உள்ளே போனால் அந்த அம்மா மெதுவாக, "புத்துநோய்தானேம்மா? பையன்கிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லிடாத" என்பார். பக்கத்து பெட்காரர் என்றைக்கோ சொல்லியிருப்பார்.

தண்டையார்பேட்டை தாமு:
அக்கா, தெரிந்தும் சும்மா இருந்தார்கள் என்றால் மகன்மேல் நம்பிக்கை என்றுதானே அர்த்தம்?

கல்மண்டபம் கணேசன்:
சுற்றி வளைக்காதே. உன் அம்மாவின் ஆபரேஷன் பாரத்தில் கையெழுத்து யார் போட்டது?

வியாசை வாசு:
நைனா, அந்த வழக்கில் கிடைத்த நஷ்டஈடு 25,000 ரூபாய். டாக்டருக்கு ஃபீஸ் கிடையாது என்றார்கள், அவ்வளவுதான். இதற்கா இத்தனை சவுண்டு?

கல்மண்டபம் கணேசன்:
காசை எண்ணுகிறவருக்குக் காசுதான் தெரியும். உயிர் போகிற அவசரம் என்றால் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. தாமு வீட்டில் என்ன அவசரம்? பத்து நாள் முன்பே தேதி குறித்த ஆபரேஷன். கட்டியை மட்டும் எடுப்பதா, மார்பையே எடுப்பதா என்று அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவரை எனக்குத் தெரியும். மகளிர் குழுக் கடன் பாரத்தைக் கண்ணாடி போட்டு வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்து போடுவார். 20,000 ரூபாய் கடனுக்கு இருக்கிற மரியாதை உடம்புக்கு இல்லையா?

தண்டையார்பேட்டை தாமு:
எங்கள் அம்மாவை இழுக்காதீர்கள். உங்கள் அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது ராத்திரி கூடவே இருந்தது யார்? நீங்களா, உங்கள் தம்பியா? சட்டம் பேசுவது சுலபம்.

காசிமேடு மேரி:
தாமு, அது வேண்டாம்.

கல்மண்டபம் கணேசன்:
பேசட்டும் மேரி. நான் துறைமுகத்தில் நைட் ஷிப்டில் இருந்தேன், ஊருக்கே தெரியும். ஆனால் அப்பாவுக்கு வைத்த பாரத்தில் அப்பாதான் கைநாட்டு வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர், படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு வைத்தார். கையெழுத்து யார் போட்டது என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

வியாசை வாசு:
கேள்வி கேட்பவர் போன வருஷம் நடந்த கண் சிகிச்சை முகாமின் கணக்கையும் கொஞ்சம் காட்டலாமே. பந்தலுக்கு எவ்வளவு?

கல்மண்டபம் கணேசன்:
பந்தல் போட்டது உன் மச்சான். ரசீது புக்கும் அவனிடம்தான் இருக்கிறது, அங்கே போய்க் கேள்.