பச்சையும் பழுப்பும் ஒன்றாகத் தெரியும் மகனுக்கு எப்படித் துணை நிற்பது?

கேள்வி

வணக்கம். என் மகனுக்கு 8 வயது. மரம் வரைந்தால் அடிமரத்துக்குப் பச்சையும் இலைகளுக்குப் பழுப்பும் பூசுவான். அவன் கவனமின்றிச் செய்கிறான் என்றெண்ணி நானே பலமுறை கடிந்துகொண்டிருக்கிறேன். சென்ற வாரம் கண் மருத்துவர் வண்ணப் புள்ளிகளால் ஆன வட்டங்களைக் காட்டி, அவற்றுள் தெரியும் எண்களைப் படிக்கச் சொன்னார். முதல் பக்கத்தில் 12 என்று உடனே சொன்னவன், அடுத்தடுத்த பக்கங்களில் "வெறும் புள்ளிதான் இருக்கிறது" என்றான். எனக்கோ ஒவ்வொன்றிலும் எண் பளிச்சென்று தெரிந்தது. சிவப்பு–பச்சை நிறக்குருடு என்றார் மருத்துவர். என் தந்தைக்கும் இதே குறை உண்டு. அப்படியானால் இது என் வழியாகத்தான் அவனுக்கு வந்ததா? வயது ஏற ஏற இது கூடுமா? இதற்கென்று விற்கப்படும் கண்ணாடிகள் பயன்படுமா? அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1

சகோதரி, நான் இந்தப் பார்வையோடு 40 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து வருபவன். முதலில் ஒரு வேண்டுகோள்: "இது என்ன நிறம், அது என்ன நிறம்" என்று அவனைச் சோதித்துக்கொண்டே இருக்காதீர்கள், வீட்டுக்கு வரும் உறவினர்களையும் அப்படிக் கேட்க விடாதீர்கள். அந்தக் கேள்விகளால் நான் பட்ட கூச்சம், குறையால் பட்ட தொல்லையைவிடப் பெரிது.

உலகம் எங்களுக்குக் கறுப்பு வெள்ளையாகத் தெரிவதில்லை. மஞ்சளும் நீலமும் நன்றாகவே தெரியும். எனக்கு ஊதா நீலத்தோடும், இளஞ்சிவப்பு சாம்பலோடும், பச்சை பழுப்போடும் கலந்துவிடும். போக்குவரத்து விளக்கைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கவலைப்படுவார்கள். சிவப்பு மேலே, பச்சை கீழே என்று இடத்தை வைத்தே அறிந்துகொள்வதால் எனக்கு அது பெரும்பாலும் தொல்லையாக இருந்ததில்லை. உண்மையான தொல்லை சின்னஞ்சிறு பொருள்களில்தான் இருக்கிறது. மின்கலம் நிரம்பும்வரை சிவப்பாகவும் நிரம்பியபின் பச்சையாகவும் எரியும் ஒற்றைப் பொட்டு விளக்கு எனக்கு எப்போதும் ஒரே விளக்குதான். செங்காயா பழமா என்பதை விரலால் அழுத்தியும் முகர்ந்தும்தான் சொல்வேன். நிறத்தோடு இன்னோர் அடையாளம், அதாவது ஓர் எழுத்தோ வடிவமோ இடமோ, சேர்ந்திருந்தால் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவனுடைய வண்ணப் பென்சில்களில் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டுங்கள், அதிலிருந்து தொடங்கலாம்.

பதில் 2

அம்மா, கண் பரிசோதனைத் துறையில் இருப்பதால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கு விடை கூறுகிறேன். விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகைப்படும். அவற்றுள் சிவப்பு, பச்சை ஆகிய இரண்டின் நிறமிகளுக்கான மரபணுக்களும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. உங்கள் தந்தை தம்மிடமிருந்த ஒரே எக்ஸை உங்களுக்குத் தந்தார். உங்களுடைய மற்றோர் எக்ஸ் நன்றாக இருப்பதால் உங்களுக்கு எல்லா நிறமும் தெரிகிறது. உங்கள் இரண்டில் எது மகனுக்குப் போய்ச் சேரும் என்பது சரிபாதி வாய்ப்பு. ஆகவே உங்கள் வழியாக வந்தது என்பது உண்மை. உங்கள் தவறு என்பது உண்மையன்று. வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 100 பேரில் 8 பேருக்கு இது உண்டு. பெண்களில் 200 பேரில் ஒருவருக்குத்தான். வேதியியலறிஞர் ஜான் டால்டன் 1794இல் தம் பார்வையைப் பற்றி விவரித்தபோதே, தம் சகோதரரும் அவ்வாறே காண்பதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

பிறவியிலேயே உள்ள இக்குறை கூடாது, குறையாது. வளர்ந்த ஒருவருக்குத் திடீரென்றோ, ஒரு கண்ணில் மட்டுமோ நிறம் மங்கினால் அது வேறு. பார்வை நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், அல்லது காசநோய்க்குத் தரப்படும் எத்தாம்ப்யூட்டால் போன்ற மருந்து காரணமாக இருக்கலாம். அப்போது தாமதமின்றி மருத்துவரைக் காண வேண்டும். நீங்கள் கேட்ட கண்ணாடிகள் சில அலைநீளங்களைத் தடுத்து, குழம்பும் இரு நிறங்களுக்கிடையே வேறுபாட்டைக் கூட்டிக் காட்டுபவை. சிலருக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் இல்லாத உணர்வை அவை உண்டாக்குவதில்லை. அவற்றை அணிந்து நிறப்பார்வைச் சோதனையில் தேறுவதையும் பொதுவாக ஏற்பதில்லை. விமானம், ரயில் ஓட்டும் பணிகளில் இச்சோதனை உண்டு என்பதை அவன் வளரும்போது மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பதில் 3

நான் ஆசிரியர். கடலுக்கு ஊதா பூசிய மாணவனை வகுப்பின் முன் நிறுத்தி மீண்டும் பூசச் செய்தேன். காரணம் பின்னரே தெரியவந்தது. அந்த வருத்தம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆகவே வகுப்பாசிரியரிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாமல் எழுத்திலும் கொடுங்கள். ஆசிரியர் மாறும்போது செய்தி விடுபட்டுவிடும். பச்சைப் பலகையில் சிவப்பு எழுத்து, நிறத்தால் மட்டுமே நாடுகளைப் பிரித்துக் காட்டும் வரைபடம், வேதியியலில் லிட்மஸ் தாள், விளையாட்டில் சிவப்பணி–பச்சையணி என்று எங்கெங்கே இடறும் என்பதையும் குறிப்பிட்டு எழுதுங்கள். லிட்மஸ் தாளைப் பக்கத்து மாணவர் பார்த்துச் சொல்ல, இவன் குறித்துக்கொண்டால் பாடம் கெடாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இன்று மாலை 24 பென்சில்களுக்கும் பெயர் ஒட்டினோம்; நான் நிறத்தைச் சொல்ல, அவனே எழுதினான். நீலத்தையும் ஊதாவையும் அருகருகே பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "தாத்தாவுக்கும் இது ரெண்டும் ஒண்ணுதானா?" என்று கேட்டான். தொலைபேசியை அவனிடமே கொடுத்தேன். இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.